பிரான்சைஸ் உணவகத்தை மருமகனுக்கு மாற்றுவதா, முதலில் புதுப்பிப்பதா?

கேள்வி கேட்ட ஐயா, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் கொழும்பு நிறுவனமொன்றின் பெயரில் கோழிப் பொரியல் உணவகம் நடத்துகிறார். ஏழு ஆண்டு பிரான்சைஸ் உடன்படிக்கையில் (நிறுவனத்தின் பெயரையும் முறையையும் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில்) இன்னும் 14 மாதங்கள் மீதி இருக்கின்றன. கட்டடக் குத்தகைக்கு 18 மாதங்கள் இருக்கின்றன. கட்டடம் ஓர் ஆசிரியையின் சீதனச் சொத்து. அவருடைய கணவர் லண்டனில் இருக்கிறார். ஐயாவின் பிள்ளைகள் ரொறன்ரோவில். அவரும் மனைவியும் அங்கே போய்விட முடிவெடுத்துவிட்டார்கள். மருமகன், அதாவது தங்கையின் மகன், மூன்று ஆண்டுகளாகக் கடையின் முகாமையாளர். பொறுப்பெடுத்து நடத்த அவருக்கு விருப்பம். "இப்போதே மருமகனுக்கு மாற்றிக் கொடுப்பதா, நான் புதுப்பித்துவிட்டுப் பிறகு கொடுப்பதா, அல்லது நிறுவனத்துக்குச் சொல்லாமல் என் பெயரிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?" என்பது அவருடைய கேள்வி. உடன்படிக்கையில் மாற்றம், புதுப்பித்தல் பற்றிய இரண்டு பந்திகளையும் எழுதித் தந்திருக்கிறார். அவை இல்லாவிட்டால் இந்தப் பதிலைப் பொதுவாகத்தான் எழுதியிருக்க முடியும்.

ஐயா, மூன்றாவது வழியை முதலில் பேசிவிடுகிறேன். நம் ஊரில் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். அதிகம் பேர் நட்டப்படுவதும் அதில்தான். "பெயர் மாமாவின் பெயரிலேயே இருக்கட்டும், கடையை மருமகன் பார்க்கட்டும், மாதம் ஒரு தொகை அனுப்பட்டும்" என்று வீட்டுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். குடும்பத்துக்குள் நம்பிக்கை இருப்பதால் தாள் எதுவும் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் உடன்படிக்கையில் மாற்றம் பற்றிய பந்தி, "முழுமையாகவோ பகுதியாகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்று தொடங்குகிறது. கடையின் இலாபத்தையும் நிர்வாகத்தையும் இன்னொருவர் கையில் கொடுப்பது மறைமுக மாற்றம்தான். பெரும்பாலான உணவக உடன்படிக்கைகளில் இது திருத்திக்கொள்ள அவகாசம் தரப்படாத மீறல். ரோயல்டி, அதாவது விற்பனையில் நிறுவனத்துக்குக் கட்டும் பங்கு, பிந்தினால் 14 நாளோ 30 நாளோ அவகாசம் தரும் நிறுவனம், சம்மதமின்றிக் கைமாற்றினால் அன்றே உடன்படிக்கையை முடிக்கலாம். அப்படி முடிந்தால் புதுப்பிக்கும் உரிமையும் அதோடு போய்விடும்.

நிறுவனம் கண்டுபிடிக்காது என்று வைத்துக்கொண்டாலும் பாரம் உங்கள் தலையில்தான். வியாபாரப் பதிவு, உள்ளூராட்சி அனுமதிப்பத்திரம், ஊழியர் சேமலாப நிதியின் தொழில்தருநர் இலக்கம், வருமான வரிக் கோவை எல்லாம் உங்கள் பெயரில் இருக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தாக்கல் செய்தால் அழைப்பாணை உங்கள் பெயருக்கே வரும். ரொறன்ரோவில் இருந்துகொண்டு யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத் தவணைக்கு எப்படி வருவீர்கள்? மருமகனின் பக்கத்தையும் பாருங்கள். அவர் தன் இளமையைப் போட்டு வளர்க்கும் கடையில் அவருக்குச் சட்டப்படி ஒரு கதிரைகூடச் சொந்தமில்லை. உங்களுக்கு ஏதும் நேர்ந்தால் உங்கள் உரித்தாளர்கள் மனைவியும் பிள்ளைகளும்தான். கனடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் திருநெல்வேலியில் உழைத்த மருமகனுக்கும் இடையே அப்போது வரும் மனக்கசப்பை எந்த நீதிமன்றத்தாலும் ஆற்ற முடியாது. அந்த இளைஞருக்கு நீங்கள் உண்மையில் நன்மை செய்ய விரும்பினால், அவர் பெயரில் எழுத்தில் கொடுங்கள்.

இனி, எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். பெயர்ப்பலகையிலுள்ள பெயர் உங்களுடையதன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அந்த வணிகக் குறி நிறுவனத்துக்குச் சொந்தம். உங்களுக்கு இருப்பது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் அப்படிப்பட்ட உரிமத்தை மூன்றாம் ஆளுக்குக் கையளிக்க முடியாது. அந்தக் குறி தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் நடப்பில் உள்ளதா என்பதை மருமகனும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பதிவு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. புதிய தவணைக்கு (அடுத்த உடன்படிக்கைக் காலத்துக்கு) பணம் கட்டப் போகிறவர் அதைப் பார்ப்பதில் தவறில்லை.

ஆகவே உங்களிடம் விற்க இருப்பவை இவ்வளவுதான்: அடுப்பு, பொரிப்பான், குளிரூட்டி, தளபாடம், மீதமுள்ள 14 மாத உரிமம், 18 மாதக் குத்தகை, பழகிய ஊழியர்கள். உதாரணத்துக்கு, எல்லாச் செலவும் போக மாதம் இரண்டரை இலட்சம் மிஞ்சுகிறது என்று வைப்போம். 14 மாதத்துக்கு 35 இலட்சம். அதற்குள் உங்கள் மருமகனுக்குத் தன் உழைப்பின் சம்பளமும் அடங்க வேண்டும். "ஆரம்பத்தில் நான் 80 இலட்சம் போட்டேன்" என்ற கணக்கு உங்களுக்கு உண்மை. வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. அடுத்த தவணை கிடைக்குமா என்பதுதான் கடையின் விலையைத் தீர்மானிக்கிறது. இதனால்தான் "மாற்றுவதா, புதுப்பிப்பதா" என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்கிறேன். இரண்டையும் ஒரே பேச்சுவார்த்தையாக நடத்துங்கள். மருமகனை நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொள்ளும்போதே அவர் பெயரில் புதிய முழுத் தவணையையும் வழங்க வேண்டும். இதுவே நீங்கள் கேட்க வேண்டியது.

தனித்தனியாகச் செய்தால் என்ன நடக்கும்? முதலில் மாற்றினால் மருமகன் மாற்றக் கட்டணம் கட்டி 14 மாதத்தை வாங்குவார். மூச்சுவிடுவதற்குள் புதுப்பித்தல் கட்டணம் வரும். முதலில் புதுப்பித்தால் கட்டணத்தையும் கடைத் திருத்த வேலைச் செலவையும் நீங்கள் போடுவீர்கள். அடுத்த ஐந்து ஆண்டுக்கான பிணையிலும் நீங்களே கையொப்பமிடுவீர்கள். பிறகு மாற்றத்துக்குச் சம்மதம் மறுக்கப்பட்டால் விமானப் பயணச்சீட்டோடு கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு கட்டணங்களையும் ஒன்றாக்கும்படி கேட்டால் பல நிறுவனங்கள் இணங்கும். நன்றாக ஓடும் கடையும் மூன்று ஆண்டு அனுபவமுள்ள முகாமையாளரும் அவர்களுக்கும் இலாபம். நிறுவனம் வற் வரிக்குப் பதிவு பெற்றிருந்தால் எந்தக் கட்டணத்தின் மேலும் 18 வீதம் சேரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 2024 ஜனவரி முதல் அதுதான் வீதம்.

நேரமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. உங்கள் புதுப்பித்தல் பந்தியின்படி அறிவித்தல் கொடுக்கும் காலம் முடிவுத் திகதிக்கு 12 மாதம் இருக்கும்போது தொடங்கி, 6 மாதம் இருக்கும்போது முடிகிறது. அதாவது இன்னும் இரண்டு மாதத்தில் தொடங்கும். எட்டாவது மாதத்தோடு போய்விடும். இந்த இரண்டு மாதங்களைப் பேச்சுக்குப் பயன்படுத்துங்கள். தொடங்கிய முதல் வாரத்திலேயே முறைப்படி அறிவித்தலைக் கொடுத்துவிடுங்கள். மாற்றப் பேச்சு நடக்கிறது என்பதற்காக அறிவித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு முறிந்தாலும் உங்கள் புதுப்பிக்கும் உரிமை உயிரோடு இருக்க வேண்டும். அறிவித்தல் எங்கே, எப்படி அனுப்பப்பட வேண்டும் என்று உடன்படிக்கையின் பின்பகுதியில் ஒரு பந்தி இருக்கும். பெரும்பாலும் பதிவுத் தபால், குறிப்பிட்ட முகவரி. பிராந்திய முகாமையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினால் அது அறிவித்தல் ஆகாது.

இங்கே சட்டம் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். தமிழில் இணையத்தில் கிடைக்கும் பிரான்சைஸ் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தியாவை வைத்து எழுதப்பட்டவை. அங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைப் பொதுவாகச் செல்லாதவை ஆக்குகிறது. அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது. இங்கே ஒப்பந்தங்களுக்கு அடிப்படை உரோம டச்சுச் சட்டம். பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் தவணை ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் கையொப்பமிடுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் வெளிப்படுத்தல் ஆவணம் கொடுக்க வேண்டும். புதுப்பித்தல், முடிவு, மாற்றம் ஆகியவற்றின் நிபந்தனைகள் அதில் 17ஆம் விடயமாக இருக்கும். நமக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. தாளில் எழுதியதுதான் உங்கள் உரிமை. அதனால்தான் ஒவ்வொரு பந்தியையும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மாற்றப் பந்தியில் நிறுவனத்தின் சம்மதம் "அதன் முழுமையான தற்றுணிபுக்கு உட்பட்டது" என்று இருக்கிறது. "நியாயமின்றி மறுக்கக் கூடாது" என்ற வரி இல்லை. அதாவது காரணம் சொல்லாமலும் மறுக்கலாம். எனவே உரிமை கேட்கும் தொனியில் முதல் கடிதத்தை எழுத வேண்டாம். மருமகனின் தகுதிகளைச் சொல்லும் கோவையாக அது போகட்டும்: மூன்று ஆண்டு முகாமை அனுபவம், கடை பெற்ற தரப் பரிசோதனைப் புள்ளிகள், ஆறு மாத வங்கிக் கூற்று, கடன்கள் பற்றிய உண்மை விவரம். அவரிடம் போதிய சொந்தப் பணம் இருக்கிறதா என்று நிறுவனம் கட்டாயம் பார்க்கும். முழுத் தொகையையும் கடனாக எடுத்து வருபவரை எந்த நல்ல நிறுவனமும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளாது. கொழும்பில் நேர்முகமும், சொந்தச் செலவில் சில வாரப் பயிற்சியும் இருக்கும். முகாமையாளராகப் பெற்ற பயிற்சி உரிமையாளர் பயிற்சிக்கு ஈடாகாது என்று சொல்வார்கள். அதைப் பற்றி வாதாட வேண்டாம்.

சில உடன்படிக்கைகள் மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றினால் கட்டணத்தைத் தள்ளிவிடுகின்றன. தங்கையின் மகன் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருவது அரிது. கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள்.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய நிபந்தனை, நிறுவனத்துக்குரிய முதல் மறுப்புரிமை. நீங்கள் ஒருவருடன் விலை பேசி முடித்ததும், அந்த விலையையும் நிபந்தனைகளையும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்கமாக 30 நாளுக்குள், அதே விலைக்குத் தானே கடையை வாங்கிக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இப்போது நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வரியைக் குறைப்பதற்கென்று தாளில் ஒரு விலை, கையில் ஒரு விலை. மருமகனிடம் 45 இலட்சம் வாங்கிக்கொண்டு தாளில் 15 இலட்சம் எழுதினால், நிறுவனம் 15 இலட்சத்தை நீட்டிக் கடையை எடுத்துக்கொள்ளலாம். உண்மை விலை இதுவன்று என்று அப்போது சொன்னால், பொய்யான அறிவித்தல் கொடுத்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மருமகன் என்பதற்காகச் சலுகை விலை கொடுக்க விரும்பினாலும் இதே ஆபத்து உண்டு. அப்படியானால் குடும்பத்துக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்கு முதல் மறுப்புரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்ற கடிதத்தை, விலையைக் குறிப்பிடுவதற்கு முன்பே நிறுவனத்திடமிருந்து பெற்றுவிடுங்கள்.

சம்மதக் கடிதம் கையில் வரும்வரை மருமகனிடமிருந்து ஒரு ரூபாயும் முற்பணமாக வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டத்தரணியின் பொறுப்பில் வையுங்கள். சம்மதம் மறுக்கப்பட்டால் முழுவதும் திரும்பும் என்று எழுதுங்கள்.

அடுத்தது உங்கள் பிணை. ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு முன் கையொப்பமிட்டபோது நீங்களோ, மனைவியோ, மைத்துனரோ தனிப்பட்ட பிணைமுறி ஒன்றிலும் கையொப்பமிட்டிருப்பீர்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கடை கைமாறுவதால் பிணை தானாகச் சாவதில்லை. பழைய முறிகளில் "தொடரும் பிணை" என்றும், முதலில் கடனாளியிடம் அறவிட முயல வேண்டும் என்று கேட்கும் உரிமையைப் பிணையாளி கைவிடுகிறார் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் நாளை மருமகன் கட்டத் தவறும் ரோயல்டிக்கு, அவரைக் கேட்காமலே இங்கே இருக்கும் உங்கள் மைத்துனரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். மாற்ற உடன்படிக்கையில் இன்ன திகதிக்குப் பின்னர் எழும் கடப்பாடுகளிலிருந்து பழைய பிணையாளிகள் விடுவிக்கப்படுகிறார்கள் என்ற வரி இருக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் அதன் மூலப் பிரதியைத் திரும்பப் பெற்று வங்கியில் இரத்துச் செய்யுங்கள். வைப்புப் பணத்தை மருமகனின் கணக்குக்கு மாற்றுவதா, உங்களுக்குத் திருப்புவதா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். நிறுவனம் உங்களிடமிருந்து "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொதுவான விடுவிப்பைக் கேட்கும். கொடுக்கலாம், ஆனால் அவர்களும் உங்களுக்கு அதையே தர வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பக்கம் நிலுவையிலுள்ள தள்ளுபடிக் கணக்கு, விளம்பர நிதிக் கணக்கு ஏதுமிருந்தால் கையொப்பத்துக்கு முன் தீர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பித்தலின் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் பந்தி மீறல் ஏதும் இல்லாதிருந்தால் "ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும்" என்கிறது. இது நல்லது; விருப்பத்துக்கு விடவில்லை. ஆனால் அடுத்த வரி "நிறுவனத்தின் அப்போதைய நடைமுறைப் படிவத்தில்" என்று முடிகிறது. நீங்கள் ஏறக்குறைய ஆறு ஆண்டுக்கு முன் பெற்ற நிபந்தனைகள் அப்படியே தொடராது என்பதுதான் இதன் பொருள். ரோயல்டி வீதம், விளம்பர நிதிப் பங்கு, பிரதேச எல்லை, மூலப்பொருள் வாங்க வேண்டிய இடம் எல்லாம் மாறியிருக்கலாம். இப்போதே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ஆறு ஆண்டுக்கு முன் இந்தப் பக்கம் இவ்வளவு சாப்பாட்டுக் கடைகள் இல்லை. நீங்கள் "நல்லூர்ப் பிரதேசம்" முழுவதையும் எல்லையாகப் பெற்றிருந்தால் புதிய படிவத்தில் அது ஓரிரு கிலோமீற்றராகச் சுருங்கியிருக்கக்கூடும். கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ அதே பெயரில் இன்னொரு கடை திறந்தால் மருமகனின் விற்பனை என்ன ஆகும்? செயலி வழியாக வரும் ஓடர்கள் எந்தக் கடைக்குப் போகும் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.

குறைந்தபட்ச விற்பனை இலக்கு புதிய படிவங்களில் அடிக்கடி வருகிறது. கொழும்பில் இருந்துகொண்டு மாதாந்த இலக்கு போடுகிறவர்களுக்கு நம் ஆண்டின் அமைப்புத் தெரியாது. நல்லூர்க் கந்தனின் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் இந்தச் சுற்றாடலில் எத்தனையோ வீடுகளில் மச்சம் இல்லை. கோழிக் கடையின் அடுப்பு பாதி நேரம் சும்மா இருக்கும். பல்கலைக்கழகம் விடுமுறை விட்டால் பலாலி வீதியில் மாலைக் கூட்டம் கரைந்துவிடும். நீங்கள் ஏறக்குறைய ஆறு ஆண்டு விற்பனை அறிக்கைகளை வைத்திருக்கிறீர்கள். ஓகஸ்ட் மாத வீழ்ச்சியை ஆண்டு வாரியாகக் காட்டுங்கள். மாத இலக்குக்குப் பதில் ஆண்டு இலக்கு வேண்டும் என்றும், திருவிழாக் காலத்தில் சைவ உணவுப் பட்டியல் ஒன்றை அனுமதிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்டால் கிடைக்கக்கூடிய விடயங்கள் இவை. யாழ்ப்பாணத்தில் கடை நடத்துகிறவர்கள் இவற்றைக் கேட்காமலே கையொப்பமிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

திருத்த வேலை நிபந்தனையும் அங்கே இருக்கும்: புதிய பெயர்ப்பலகை, தரை, இருக்கை, சமையலறை உபகரணம். நிறுவனம் சொல்லும் ஒப்பந்தகாரரிடம்தான் செய்ய வேண்டுமா, உள்ளூர் மேசன், தச்சரைக் கொண்டு அதே தரத்தில் செய்யலாமா, செலவுக்கு உச்ச எல்லை உண்டா என்று கேளுங்கள். வேலைக்காகக் கடையைப் பூட்டத்தான் வேண்டுமென்றால் அந்த 25 நாளே பொருத்தமான நேரம்.

இனிக் கட்டடம். உண்மையில் உங்கள் விடயத்தில் மிகவும் நேரமெடுக்கப் போவது இதுதான். புதிய தவணை ஐந்து ஆண்டு. குத்தகையோ அந்தத் தவணை தொடங்கி நான்காம் மாதத்தில் முடிகிறது. தவணை முழுவதற்கும் இடம் இருப்பதாகக் காட்டாமல் எந்த நிறுவனமும் புதுப்பிக்காது. உங்கள் பழைய குத்தகையில் வேறொருவருக்குக் கையளிக்கக் கூடாது, கீழ்க்குத்தகை கொடுக்கக் கூடாது என்றும் இருக்கும். ஆகவே உரிமையாளரான ஆசிரியையும் மருமகனும் நேரடியாகப் புதிய குத்தகை எழுதுவதே துப்புரவான வழி. உங்கள் குத்தகை அதே நாளில் முடிவடைய வேண்டும்; உங்கள் முற்பணம் உங்களுக்கே திரும்ப வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது; 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறது. முத்திரை ஒட்டி வீட்டில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டு முதலீடு செய்ய வேண்டாம். எழுதியபின் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள்.

ஆசிரியையின் கணவர் லண்டனில் இருப்பது இங்கேதான் முக்கியமாகிறது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் விதி. தன் சீதனக் காணிக்கு ஒரு பெண் இன்னொருவரின் கையொப்பத்துக்குக் காத்திருப்பது அநீதி என்பதே என் கருத்து. ஆனாலும் நொத்தாரிசு அதைக் கேட்பார். கேட்க வேண்டியதும் அவர் கடமை. கணவர் லண்டனிலுள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோர்னித் தத்துவத்தில் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையொப்பமிட்டு அனுப்பி, அது இங்கே பதிவு செய்யப்பட்டு வரச் சில வாரங்கள் பிடிக்கும். ஆசிரியையிடம் இந்த மாதமே போய்ப் பேசுங்கள். வாடகை எவ்வளவு ஏறும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நிறுவனத்துடன் தவணை பேசுவது வீண். நிறுவனம் தன் பங்குக்கு, பிரான்சைஸ் முடிந்தால் குத்தகையைத் தானே எடுக்கலாம் என்ற வரியைக் குத்தகைக்குள் போடச் சொல்லும். ஆசிரியைக்கு அது நட்டமில்லை. ஆனால் முன்கூட்டியே விளங்கப்படுத்தாவிட்டால் பயந்து பின்வாங்கிவிடுவார்.

பொரிப்பானோ மின்பிறப்பாக்கியோ லீசிங்கில் இருந்தால் அது நிதி நிறுவனத்தின் சொத்து. அவர்கள் சம்மதமும் வேண்டும், அல்லது தீர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அனுமதிப்பத்திரங்களில் எதுவும் உங்கள் பெயரிலிருந்து மருமகனின் பெயருக்குத் தானாகப் போகாது. உங்களுடையது தனியுரிமை வியாபாரம் என்பதால் நல்லூர் பிரதேச செயலகத்தில் உங்கள் வியாபாரப் பதிவை நிறுத்தி, மருமகன் புதிதாகப் பதிய வேண்டும். உணவக அனுமதிப்பத்திரம் திருநெல்வேலிக்கு நல்லூர் பிரதேச சபையுடையது. டிசெம்பர் 31உடன் ஒவ்வோர் ஆண்டும் காலாவதியாகும். மாற்றத்தை நவம்பர், டிசெம்பரில் வைத்தால் ஒரே காலத்தில் இரண்டு விண்ணப்பம் அலைய வேண்டும். ஜனவரியில் புதிய பெயரில் நேராக எடுப்பது இலகு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பரிசோதனை, ஊழியர்களின் மருத்துவச் சான்றிதழ், தேவைப்பட்டால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்பனவும் உண்டு. 2017 ஜூனில் டெல்லியில் 43 மெக்டொனால்ட்ஸ் கடைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. பங்காளருக்கும் தாய் நிறுவனத்துக்கும் பிணக்கு நடந்துகொண்டிருக்கையில் உணவக அனுமதிகள் புதுப்பிக்கப்படாமல் போனதே உடனடிக் காரணம். அவ்வளவு பெரிய இடத்திலேயே அது நடந்தது.

உடன்படிக்கை முடிந்தபின் "பேச்சு நடக்கிறதுதானே" என்று பெயர்ப்பலகையை விட்டுவைத்து நடத்துவதும் வேண்டாம். தவணை முடிந்த மறுநாள் அந்தப் பெயர் உங்களுக்கு அந்நியம்; பயன்படுத்தினால் வணிகக் குறி மீறல், அந்த வழக்கும் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில். 2024 மார்ச்சில் மெக்டொனால்ட்ஸ் தன் இலங்கைப் பங்காளருடனான உடன்படிக்கையை முடித்தபோது இங்கே இருந்த 12 கடைகளும் மூடப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். பேச்சு இழுபட்டால், பழைய நிபந்தனைகளில் மூன்று மாத நீடிப்பு என்று ஒரு பக்கக் கடிதமாவது இரு தரப்புக் கையொப்பத்துடன் இருக்க வேண்டும்.

போட்டித் தடை பற்றியும் ஒரு வார்த்தை. விலகியபின் இத்தனை ஆண்டு, இத்தனை கிலோமீற்றருக்குள் அதே வகை உணவகம் நடத்தக் கூடாது என்ற பந்தி உங்களைப் பாதிக்காது. ஆனால் அதில் "குடும்ப உறுப்பினர்" என்ற வரைவிலக்கணம் இருந்தால், சுன்னாகத்தில் கொத்துக் கடை வைத்திருக்கும் உங்கள் தம்பியை அது தொடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊழியர்கள் பதினாறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை முக்கியமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், முந்திய பன்னிரண்டு மாதத்தில் எந்த நாளிலாவது 15 பேரோ அதற்கு மேலோ இருந்த இடங்களுக்குப் பொருந்தும். ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். 40,000 ரூபாய் சம்பளத்தில் ஏழு ஆண்டு நின்றவருக்கு 1,40,000 ரூபாய். சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஊழியரை அவர் சம்மதமின்றி இன்னொரு முதலாளியிடம் ஒப்படைக்க முடியாது. எனவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். உங்களிடம் செய்த சேவையைத் தீர்த்துப் பணிக்கொடை கொடுத்து, மருமகன் புதிதாக நியமிக்கட்டும். அல்லது பழைய சேவையைத் தொடர்ச்சியாக ஏற்கிறேன் என்று மருமகன் ஒவ்வோர் ஊழியருக்கும் கடிதம் கொடுத்து, அந்தத் தொகையைக் கடை விலையில் கழிக்கட்டும். முதலாவதையே நான் விரும்புகிறேன். ஆரம்ப நாளிலிருந்து கோழி பொரிக்கும் அந்தப் பெண்கள், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் தங்கள் பணத்தைக் கையில் காண வேண்டும். சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கடைசி மாதம் வரை கட்டிய பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் போட்டு மருமகனுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

கைமாறும் நாளை மாத இறுதி இரவாக வையுங்கள். கடை பூட்டியபின் நீங்களும் மருமகனும் நிறுவனப் பிரதிநிதியும் நின்று இருப்பை எண்ணுங்கள்: உறைந்த கோழிப் பெட்டிகள், அவற்றின் காலாவதித் திகதிகள், எண்ணெய், சோஸ், பொதியிடும் பெட்டிகள். உபகரணங்களைத் தொடரிலக்கத்தோடு எழுதி மூவரும் கையொப்பமிடுங்கள். மின்சார, நீர் மானி வாசிப்பைப் படம் எடுங்கள். விற்பனை இயந்திரத்தின் கடவுச்சொல், விநியோகச் செயலிக் கணக்கு, கடையின் முகநூல் பக்கம், பலகையில் எழுதியிருக்கும் தொலைபேசி இலக்கம் ஆகியவையும் அன்றிரவே மாற வேண்டும். செயலியிலிருந்து வரும் பணம் பழைய வங்கிக் கணக்குக்கு ஒரு வாரம் பிந்தி வந்துகொண்டிருக்கும். எந்தத் திகதி வரையான விற்பனை யாருடையது என்பதை மாற்ற உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.

புதிய படிவம் கையில் கிடைத்ததும் ரோயல்டி, பிரதேசம், முடிவு ஆகிய மூன்று பந்திகளையும் இங்கே எழுதுங்கள் ஐயா, பார்த்துச் சொல்கிறேன். கையொப்பத்துக்கு முன் மருமகன் தனக்கென்று வேறொரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளட்டும். உங்கள் இருவருக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம்.